இளையவர்களிலிருந்து நிலையான பாயிண்ட் கார்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள கூடைப்பந்துக் கிளப்புகளில் பாயிண்ட் கார்டு என்ற, பந்தை ஏற்றி வந்து ஆட்டத்தை நடத்தும் பொறுப்புக்குப் பெரும்பாலும் யாரும் ஆள் தேர்ந்தெடுப்பதில்லை. அது தானாகப் போய் யாராவது ஒருவன் தலையில் விழுகிறது. எவன் குள்ளமோ, எவன் பந்தை வேகமாகத் தட்டுகிறானோ, அவனைக் கூப்பிட்டு "நீ பந்த ஏத்திட்டு வாடா" என்று சொல்லிவிடுகிறோம். நான்கைந்து ஆண்டுகள் ஆட்டத்தை நடத்திய மூத்த வீரர் கல்லூரி முடித்து வேலைக்குக் கிளம்பும்போதுதான் அந்த இடத்துக்கு அடுத்து யார் என்ற கேள்வியே எழுகிறது. அப்போது அடுத்த போட்டிக்கு மூன்று வாரம்கூட இருக்காது. 14 முதல் 18 வயது வரையுள்ள மூன்று நான்கு பேரைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்களில் ஒருவரை அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஆட்டத்தை நடத்துபவராக வளர்க்க நினைக்கும் பயிற்சியாளர்களுக்காகவும் கிளப் பொறுப்பாளர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்து கைக்கு வருவதற்கு முன்னால் ஒருவனுடைய கண் என்ன செய்கிறது என்பதைப் பார்த்துத்தான் இந்த இடத்துக்கு ஆள் எடுக்க வேண்டும். பந்து வந்த பிறகு கை என்ன செய்கிறது என்பது இரண்டாவது. இதை நான் ஒரு தோல்வியில்தான் கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, கூம்புகளை வரிசையாக வைத்து நடத்திய டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடும்) பயிற்சியில் எல்லாரையும் விட இரண்டு விநாடி முன்னதாக முடித்த ஒரு பையனை அந்த இடத்துக்கு எடுத்தேன். ஒரு நாக்-அவுட் ஆட்டத்தில் எதிரணி ஃபுல் கோர்ட் பிரஸ் போட்டது, அதாவது கோர்ட் முழுவதும் நெருக்கித் தடுத்தது. பந்தை வாங்கியதும் அவன் குனிந்து தட்டத் தொடங்கினான். பக்கக் கோட்டோரமாக ஓடி, நடுக்கோட்டு மூலையில் இருவரிடம் மாட்டிக்கொண்டான். 8 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டாததற்கு விசில். அடுத்த முறையும் அதே மூலை. அதற்கடுத்த முறையும் அதே மூலை. மூன்று முறையும் கோர்ட்டின் நடுவில் எங்கள் ஆள் ஒருவன் தனியாக நின்று கையைத் தூக்கிக்கொண்டிருந்தான். அந்தப் பையனிடம் குறையில்லை. எதிரில் ஆளே இல்லாத பயிற்சியை வைத்து, எதிரில் ஐந்து பேர் நிற்கும் வேலைக்கு அவனைத் தேர்ந்தெடுத்தது நான்தான்.

கற்பிக்க எளியதும் கற்பிக்க அரியதும்

நீண்ட காலத்துக்கான தேர்வு என்பதால், இன்று ஒருவனிடம் இருப்பதை அப்படியே கூட்டிக் கழித்துப் பார்ப்பதில் பயனில்லை. எது இல்லாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளில் கற்றுக்கொடுத்துவிடலாம், எது இல்லாவிட்டால் எவ்வளவு உழைத்தாலும் பாதிதான் வரும் என்று பிரித்துப் பார்ப்பதுதான் பயிற்சியாளரின் வேலை. இடது கை கற்பிக்கக்கூடியது. தினமும் காலையில் இருபது நிமிடம் இடது கையால் மட்டும் தட்டவும், ரிங்கை ஒட்டி ஓடிப் போய் லே-அப் போடவும் வைத்தால், ஒரு சீசனுக்குள் எதிரணி அவனை வலப்பக்கமே தள்ளி அடைத்துவிட முடியாத நிலை வந்துவிடும். மூச்சுத் திறனும் அப்படியே. அணியின் ஆட்ட முறைகளை மனப்பாடம் செய்வதும் அப்படியே.

ஷாட்டும் கற்பிக்கக்கூடியதுதான், ஆனால் இதை நம் ஊரில் நம்புகிறவர்கள் குறைவு. "வெளியிலேருந்து போட வராது" என்று ஒருவனை 16 வயதிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். ஜேசன் கிட் 1994-இல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வுக்குள் வந்தபோது தூரத்து ஷாட்டில் நம்பத் தகுந்தவராக இல்லை. அவர் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 1,988 மூன்று புள்ளி ஷாட்டுகள் இருந்தன. அவரை முதல் நாளிலிருந்தே பாயிண்ட் கார்டாக வைத்திருந்தது அவருடைய பார்வையும் பாஸும். ஷாட் பின்னால் வந்து சேர்ந்தது. உங்கள் பையனின் முழங்கை வெளியே போகிறதென்றால் அது திருத்தக்கூடிய குறை. சர்வதேச விதிப்படி மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர் தொலைவில் இருக்கிறது. 15 வயதுப் பையன் அங்கிருந்து எறிய உடலை வளைப்பதைப் பார்த்துவிட்டு அவன் ஷாட்டைப் பற்றி முடிவு கட்டாதீர்கள். ரிங்குக்கு நேர் எதிரே இருக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டில் நிற்க வைத்துப் பாருங்கள். அங்கே விரல் நுனியிலிருந்து பந்து சீராகச் சுழன்று போகிறதென்றால், தூரம் உடம்பு வளரும்போது தானாக வரும்.

கற்பிக்க அரியவை மூன்று என்பது என் அனுபவம். முன்கூட்டியே பார்க்கும் பழக்கம் ஒன்று. பாஸ் போட வேண்டிய நேரத்தை உணர்வது இன்னொன்று. ஆள் தன்னைத் தடுப்பவனிடமிருந்து விலகிக் காலியான பிறகு போடுகிற பாஸ் தாமதமான பாஸ், அவன் காலியாகப் போகிறான் என்று தெரிந்து போடுவதே சரியான பாஸ். மூன்றாவது, தவறு செய்த பிறகு வரும் அடுத்த பந்தில் அவன் எப்படி இருக்கிறான் என்பது. இவற்றையும் பயிற்சியால் ஓரளவு கூட்டலாம், மறுக்கவில்லை. ஆனால் அறவே இல்லாத இடத்தில் நான் விதைத்து முளைத்ததாக நினைவில்லை.

உயரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை வேண்டும். 14 வயதில் மீசை அரும்பி, தோள் அகன்று, எல்லாரையும் இடித்துக்கொண்டு ரிங் வரை போகிற பையன் அந்த வயதில் யாரும் தடுக்க முடியாதவனாகத் தெரிவான். மற்றவர்கள் 17 வயதில் அவனை எட்டிப் பிடிக்கும்போது அவனிடம் வேறு என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். வயதுப் பிரிவுகளுக்கு ஜனவரி 1 என்று தேதி வைப்பதால், ஜனவரியில் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் மோதுகிறார்கள். அந்த வயதில் பதினொரு மாத வளர்ச்சி என்பது சிறிய விஷயமல்ல. ஆகவே பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தையும் எழுதி வையுங்கள். (ஒரு தலைமுறைக்கு முன்பு இந்த யோசனை நம் ஊரில் செல்லாது, பள்ளியில் சேர்த்த ஆசிரியர் போட்ட ஜூன் மாதமே பாதிப் பேருக்குப் பிறந்த மாதமாக இருந்தது.) மறுபக்கமும் உண்டு. உயரமாக வளர்ந்துகொண்டிருக்கும் பையனை, உயரம் என்ற ஒரே காரணத்துக்காக ரிங்குக்கு அடியில் நிறுத்திவிட்டு மறந்துவிடாதீர்கள். என்.பி.ஏ. பாயிண்ட் கார்டுகளில் மேஜிக் ஜான்சன் 2.06 மீட்டர் உயரம். ஜான் ஸ்டாக்டன் 1.85 மீட்டர். இருவரும் ஆட்டத்தை நடத்தியவர்கள்தாம். பந்தைப் பிடித்ததும் தலையைத் திருப்பிக் கோர்ட்டைப் பார்க்கிற உயரமான பையன் உங்களிடம் இருந்தால், பயிற்சியில் வாரத்துக்கு ஒரு நாளாவது பந்தை ஏற்றி வரும் வேலையை அவனுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

பயிற்சியில் சோதிக்கும் விதம்

முதல் சோதனை எளியது. ஐந்துக்கு ஐந்து ஆட விடுங்கள். ஒரே நிபந்தனை, யாரும் பந்தைத் தரையில் தட்டக்கூடாது. பாஸ் மட்டுமே. டிரிபிளை நம்பியிருக்கும் பையன் இரண்டே நிமிடத்தில் எரிச்சலடைவான். பந்தை வாங்கியதும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்புறம்தான் ஆள் தேடுவான். இன்னொருவன் பந்து வருவதற்கு முன்பே இரண்டு தோள்களுக்கும் மேலாகத் திரும்பிப் பார்த்திருப்பான். பந்து கைக்கு வந்த அடுத்த நொடி அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். இந்த ஆட்டத்தில் யார் எத்தனை புள்ளி போட்டார்கள் என்று எண்ண வேண்டாம். பந்து கையில் தங்கும் நேரத்தை மட்டும் எண்ணுங்கள். கைக்கடிகாரம்கூடத் தேவையில்லை, மனத்துக்குள் "ஒன்று, இரண்டு" என்று எண்ணினாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

இரண்டாவது சோதனையில்தான் நான் அதிக நம்பிக்கை வைத்திருக்கிறேன். ஆட்டம் முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது விசில் அடித்து எல்லாரையும் நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்லுங்கள். பந்து வைத்திருப்பவனைக் கண்ணை மூடச் சொல்லி, மற்ற ஒன்பது பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று கையால் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான பையன்கள் தன்னைத் தடுப்பவனையும் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேரையும் காட்டிவிட்டு நின்றுவிடுவார்கள். ஒரு மாலை, விளக்கு போடும் நேரத்தில் இந்தச் சோதனையை வைத்தபோது, 15 வயதுப் பையன் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு எட்டுப் பேரைச் சரியாகக் காட்டினான். ஒன்பதாவது ஆள் இடது மூலையில் தன்னந்தனியாக நின்றிருந்தார். அவரையும் காட்டினான். "தெரிஞ்சும் ஏன்டா அவருக்குப் போடல?" என்று கேட்டேன். "இல்லண்ணே, தண்ணி குடிக்கும்போது கணுக்கால் வலிக்குதுன்னு சொன்னாரு. அந்த இடத்துல பந்து வாங்கினா எம்பித்தான் போடணும். அதான் போடல" என்றான். அதன் பிறகு அவனுடைய இடது கை எப்படி இருக்கிறது என்று எனக்குக் கவலையே வரவில்லை. அது சுமாராகத்தான் இருந்தது.

இந்தச் சோதனையைப் பயிற்சியின் தொடக்கத்தில் வைக்காமல், கடைசிப் பத்து நிமிடத்தில் வையுங்கள். சித்திரை, வைகாசியில் நம் சிமெண்ட் கோர்ட்டுகள் மாலை ஆறு மணிக்கும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும்; உடம்பு களைத்தால் முதலில் சுருங்குவது பார்வைதான். களைப்பில் கோர்ட்டின் பாதி மறைந்து போகிறவன் ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியான நான்காவது குவார்ட்டரில் உங்களுக்குக் கை கொடுக்க மாட்டான். சூட்டைத் தாங்குவதில் பழக்கத்துக்கும் பங்கு உண்டு என்பதால், ஒரு நாள் பார்த்து முடிவு செய்யாமல் மூன்று நான்கு வாரம் இடைவெளி விட்டு மீண்டும் பாருங்கள்.

மூன்றாவதாக, நால்வரை ஐவருக்கு எதிராக விட்டுப் பந்தை நடுக்கோட்டைத் தாண்டி ஏற்றச் சொல்லுங்கள். பிரஸ்ஸை உடைப்பது ஓட்டத்தால் அல்ல, பந்து போகும் வேகத்தால் என்பதை எவன் தானாகக் கண்டுபிடிக்கிறான் என்று இதில் தெரியும். பக்கக் கோடும் நடுக்கோடும் சேரும் மூலைக்குப் பந்தைத் தட்டிக்கொண்டு போகிறவனுக்கு ஒரு முறை சொல்லிக் கொடுங்கள். அடுத்த வாரமும் அங்கேயே போனால் குறித்துக்கொள்ளுங்கள்.

இவற்றைத் தவிர ஒன்று உண்டு. அதைச் சோதனை என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. பெரியகுளத்தில் மே மாதத்தில் நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு உங்கள் பையன்களை வத்தலக்குண்டு வழியாகப் பேருந்தில் அழைத்துச் செல்லுங்கள். ஒரு குவார்ட்டர் முழுவதும் பந்தைப் பார்க்காமல் ஒரு அணியின் பாயிண்ட் கார்டை மட்டும், அவர் கையில் பந்து இல்லாத நேரத்திலும், பார்க்கச் சொல்லுங்கள். திரும்பி வரும் பேருந்தில் என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். "சூப்பரா பாஸ் போட்டாருண்ணே" என்கிறவனும் இருப்பான். "அவரு ஸ்கிரீனுக்கு முன்னாடியே அந்த உயரமான ஆளப் பாத்துட்டு, பாக்காத மாதிரி இருந்தாருண்ணே" என்கிறவனும் இருப்பான். (ஸ்கிரீன் என்பது கூட்டாளிக்கு வழி கிடைக்க, அவனைத் தடுப்பவனுக்குக் குறுக்கே நிற்பது.) இரண்டாமவனோடு இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டு வாருங்கள்.

குறிப்பேடு

ஆட்டத்தில் கிடைக்கும் அதிகாரப்பூர்வ ஸ்கோர்ஷீட்டை மட்டும் வைத்து பாயிண்ட் கார்டை மதிப்பிட முடியாது. அதில் புள்ளிகளும் ஃபவுல்களும் டைம்-அவுட்டுகளும் இருக்கும். அசிஸ்ட்டும் (நேரடியாகப் புள்ளிக்கு வழிவகுத்த பாஸ்) டர்ன்ஓவரும் (ஷாட் போடாமலேயே பந்தை எதிரணியிடம் இழப்பது) இருக்காது. ஆகவே ஒரு கட்டம் போட்ட நோட்டு வாங்கி, ஆடாத ஒரு மூத்த வீரரை பெஞ்சில் பக்கத்தில் உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். அசிஸ்ட்டுக்கு ஒரு கோடு. அசிஸ்ட்டுக்கு முந்தைய பாஸை, அதாவது எதிரணியின் அமைப்பைக் குலைத்த பாஸை, அவன் போட்டிருந்தால் அதற்குப் பேனாவால் ஒரு புள்ளி. நல்ல கார்டுகளின் வேலை பாதி அந்தப் புள்ளிகளில்தான் இருக்கும். கைத்தட்டல் அவர்களுக்குக் கிடைக்காது.

டர்ன்ஓவரை வெறுமனே எண்ணாதீர்கள். பந்து பறிபோன ஒவ்வொரு முறையும் "கை", "ஆள்", "கண்" என்று மூன்றில் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். எண்ணம் சரி, பாஸ் கொஞ்சம் உயரமாகப் போய்விட்டது என்றால் அது "கை". பாஸ் சரி, வாங்க வேண்டியவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான் என்றால் "ஆள்". இடையில் நின்ற எதிரணிக்காரனை அவன் பார்க்கவே இல்லை என்றால் "கண்". ஒரு மாதிரிக் கணக்கைப் பாருங்கள். ஆறு ஆட்டங்களில் முதல் பையன் 30 அசிஸ்ட், 25 டர்ன்ஓவர். இரண்டாவது பையன் 18 அசிஸ்ட், 8 டர்ன்ஓவர். விகிதம் பார்த்தால் முதல்வனுக்கு 1.2, இரண்டாமவனுக்கு 2.25, இரண்டாமவனையே எடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் முதல்வனுடைய 25-இல் 11 "கை", 10 "ஆள்", 4 மட்டுமே "கண்" என்றும், இரண்டாமவனுடைய 8-இல் 6 "கண்" என்றும் இருந்தால் நான் முதல்வனைத்தான் எடுப்பேன். அவன் பார்க்கிறான், கையும் கூட்டாளிகளும் அவன் கண்ணுக்கு இன்னும் ஈடுகொடுக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டாமவன் ஆபத்தில்லாத பாஸை மட்டுமே போட்டுக்கொண்டு, அதிலும் இடையில் நிற்கும் ஆளைக் காணாமல் இழக்கிறான். வெறும் விகிதத்தைப் பார்த்து முடிவு செய்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

அவன் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் இரு அணிகளின் புள்ளி நிலையை எழுதி வைப்பதும் பயனுள்ளது. அவன் உள்ளே இருந்த நேரத்தில் அணி எத்தனை புள்ளி முன்னேறியது, எத்தனை பின்தங்கியது என்று ஆட்டம் முடிந்ததும் கணக்கிட்டுவிடலாம். ஓரிரு ஆட்டங்களின் கணக்கை நம்பாதீர்கள். எதிரணியின் சிறந்த ஐவர் வெளியே இருந்த நேரத்தில் அவன் ஆடியிருக்கலாம். பத்து ஆட்டம் சேர்ந்த பிறகு பார்த்தால் ஏதோ ஒன்று சொல்லும். அதைவிட முக்கியமாக, அவன் உள்ளே இருக்கும்போது உங்கள் உயரமான ஆளுக்கு ரிங்குக்கு அருகில் எத்தனை முறை பந்து கிடைக்கிறது என்று பாருங்கள். அவன் வெளியே போனதும் உயரமான ஆள் பந்துக்காகக் கையைத் தூக்கிக் கத்த ஆரம்பித்தால், விடை கிடைத்துவிட்டது.

கடிகாரம்

பாயிண்ட் கார்டின் தலைக்குள் ஒரு கடிகாரம் ஓட வேண்டும். நம் பகுதியில் பல கோர்ட்டுகளில், ஷாட் போட மிச்சமிருக்கும் நேரத்தைக் காட்டும் ஷாட் கிளாக் தெரியும்படி வைக்கப்பட்டிருப்பதில்லை. மேசையில் உட்கார்ந்திருப்பவர் சொன்னால்தான் உண்டு. 8 விநாடிக்குள் பந்து நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும், 24 விநாடிக்குள் ஷாட் கையை விட்டுப் போக வேண்டும், அது ரிங்கையும் தொட வேண்டும், நம் ஷாட் ரிங்கில் பட்டுத் திரும்பி நம் கைக்கே வந்தால் 14 விநாடிதான் கிடைக்கும் என்பவை மனப்பாடமாக இருந்தால் போதாது. பார்க்காமலேயே உடம்புக்குத் தெரிய வேண்டும். பயிற்சியின் நடுவே திடீரென்று நிறுத்தி "இப்போ எத்தனை விநாடி ஓடிருக்கு?" என்று கேட்டுப் பழக்குங்கள். மூன்று விநாடி வித்தியாசத்துக்குள் சொல்கிறவன் கெட்டிக்காரன்.

அடுத்ததாக, கணக்கு. குவார்ட்டர் முடிய 38 விநாடி இருக்கும்போது பந்து உங்கள் கையில் இருக்கிறது. 30 விநாடி மிச்சம் இருக்கும்போது நல்ல ஷாட் ஒன்றை எடுத்துவிட்டால், எதிரணி தன் 24 விநாடியையும் முழுவதும் எடுத்துக்கொண்டாலும் உங்களுக்கு இன்னொரு ஷாட்டுக்கு 6 விநாடி மிஞ்சும். பொறுமையாக ஆடுகிறேன் என்று 20 விநாடி வரை இழுத்தால் கடைசி ஷாட் எதிரணிக்குப் போய்விடும். 16 வயதில் இதை யாரும் சொல்லாமல் செய்கிறவனை நான் இதுவரை ஒருவனைத்தான் பார்த்திருக்கிறேன். மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சொன்ன மறு ஆட்டத்திலேயே எவன் செய்து பார்க்கிறான் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். எதிரணியின் ஃபவுல் அந்த குவார்ட்டரில் நான்காகிவிட்டதா, அடுத்த ஃபவுலுக்கு நமக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ உண்டா, நம்மிடம் டைம்-அவுட் மிச்சம் இருக்கிறதா என்பதை ஆட்டத்தின் நடுவில் கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும். தெரியாதவனைத் திட்ட வேண்டாம். அடுத்த ஆட்டத்தில் மீண்டும் கேளுங்கள்.

குரல்

நம் ஊரில் இந்த இடத்துக்கு என்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. வெளிநாட்டுப் பயிற்சிக் காணொளிகளில் அதற்கு வழி கிடைக்காது. கிளப் அணியில் 16 வயதுப் பையனோடு 22 வயதுக்காரர்களும் வேலைக்குப் போகும் 30 வயதுக்காரர்களும் ஆடுவார்கள். பந்து அவன் கையில் இருக்கும்; கட்டளையிட வேண்டியவன் அவன். ஆனால் எதிரில் நிற்பவர் அண்ணன். "இங்க வா" என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. சொல்லாமல் விட்டால் ஆட்டம் கெடும். இந்த இடத்தில் பல நல்ல பையன்கள் ஊமையாகிவிடுகிறார்கள். சிலர் அவசரத்தில் மரியாதையை விட்டுவிட்டு, உடை மாற்றும் இடத்தில் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் தேடுவது "அண்ணே, கீழ இறங்குங்கண்ணே, ஸ்கிரீன் வேணும்" என்று மரியாதையும் குறையாமல் சத்தமும் குறையாமல் சொல்கிறவனை. அது பாதி அவன் சுபாவம், பாதி உங்கள் பொறுப்பு. மூத்தவர்களைத் தனியாக அழைத்து, கோர்ட்டுக்குள் அவன் சொல்வது உங்கள் சொல் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாமல் பையனை மட்டும் "பேசுடா, பேசுடா" என்று விரட்டுவது நியாயமல்ல.

சின்ன வயதில் பொறுப்பைத் தாங்க முடியாது என்று எடுத்த எடுப்பில் தள்ளிவிடவும் வேண்டாம். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதிலேயே இந்தியப் பெண்கள் அணியின் தலைவராக்கப்பட்டார். நீண்ட காலம் நாட்டுக்காக ஆடிய அவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பெண்கள் அணிக்கும் இங்கே சொன்ன எல்லாமே பொருந்தும். பந்து மட்டும் 7-ஆம் எண்ணுக்குப் பதிலாக 6-ஆம் எண். வளர்ச்சி ஓரிரு ஆண்டு முன்னதாக வந்துவிடுவதால், உயரத்தைப் பற்றிய என் எச்சரிக்கையை இன்னும் இளம் வயதிலேயே நினைவில் கொள்ள வேண்டியிருக்கும்.

தவறுக்குப் பின்பான முகத்தையும் கவனியுங்கள். பந்தை இழந்ததும் நடுவரைப் பார்த்துக் கையை விரிக்கிறானா, பாஸைத் தவறவிட்டவனை முறைக்கிறானா, திரும்பி ஓடி எதிரணி வேகமாகப் பாயும் ஃபாஸ்ட் பிரேக்கைத் தடுக்கிறானா? மூன்றாவது வகைக்காரன் ஓடும்போது முகத்தில் ஒன்றுமே இருக்காது. பயிற்சி ஆட்டத்தில் வேண்டுமென்றே தவறான ஃபவுல் ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் செய்தால் பையன்களுக்குத் தெரிந்துவிடும், சோதனை சிரிப்பாகிவிடும். பயிற்சி முடிந்து பருத்திப்பால் கடையில் நிற்கும்போதும் ஒன்று கேட்டுப் பார்ப்பேன்: இன்று யார் வரவில்லை, ஏன் வரவில்லை? மேலூர்ப் பையன் கடைசிப் பேருந்துக்காக முன்பே போய்விட்டான், இன்னொருவனுக்கு நாளை தேர்வு என்றெல்லாம் தெரிந்து வைத்திருப்பவன் கோர்ட்டுக்குள்ளும் ஆட்களைத் தெரிந்து வைத்திருப்பான்.

நீண்ட காலம் என்பது மதுரையில் எவ்வளவு காலம்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் தேர்வு செய்தால் உழைப்பெல்லாம் ரயிலேறிச் சென்னைக்கோ கோவைக்கோ போய்விடும். பிளஸ் டூ முடித்ததும் பொறியியல் கல்லூரி, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேறு ஊரில் இடம், வேலை என்று பையன்கள் போய்க்கொண்டேதான் இருப்பார்கள். அதைத் தடுக்க நமக்கு உரிமையில்லை, தடுக்கவும் கூடாது. ஆகவே பத்தாம் வகுப்பிலேயே பெற்றோரை ஒரு முறை வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள். மதுரையிலேயே படிக்க வைக்கும் எண்ணம் உண்டா, பொதுத் தேர்வு மாதங்களில் பயிற்சிக்கு எத்தனை நாள் விடுவார்கள் என்று நேரடியாகப் பேசுங்கள். "பையன் நல்லா ஆடுறான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் அவர்களுக்கு அதில் எடுக்க வேண்டிய முடிவு எதுவும் இருக்காது. இரண்டு பையன்கள் சம அளவில் இருந்து, ஒருவன் இங்கேயே இருக்கப் போகிறவன் என்றால், நான் தயங்காமல் இருப்பவனை எடுப்பேன்.

வளரும் வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழே வலி என்று சொல்லும் பையனைச் சோம்பேறி என்று எண்ணாமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வேகமாக உயரும் பையன்களுக்கு வருகிற வழக்கமான தொந்தரவு அது, ஓய்வில் தணியக்கூடியது. ஜான் ஸ்டாக்டன் 19 சீசன்களில் தவறவிட்டது 22 ஆட்டங்களே. அவருடைய 15,806 அசிஸ்ட் என்ற சாதனைக்குப் பின்னால் கண்ணும் கையும் போலவே அந்த வருகைப் பதிவேடும் இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தெரிவதும், நேரத்துக்குத் தூங்குவதும், ஷூ தேய்ந்துவிட்டது என்று காயத்துக்கு முன்னால் வந்து சொல்வதும் இந்த இடத்துக்குரிய தகுதிகள்தாம்.

தேர்வு செய்த பிறகு ஒரு முழு சீசனாவது அவனிடம் விட்டுவிடுங்கள். இரண்டு டர்ன்ஓவருக்கு வெளியே இழுத்தால், அடுத்த முறை உள்ளே வரும்போது அவன் கோர்ட்டைப் பார்க்க மாட்டான், பெஞ்சைத்தான் பார்ப்பான். நீங்கள் எதைப் பார்த்து அவனை எடுத்தீர்களோ அதையே அணைத்துவிடுவீர்கள். "கை" என்று குறித்த தவறுகளுக்கு ஒருபோதும் மாற்றாதீர்கள். "கண்" என்று குறித்தவை ஒரே குவார்ட்டரில் மூன்றானால் இரண்டு நிமிடம் பக்கத்தில் உட்கார வைத்து, கோர்ட்டைக் காட்டிப் பேசிவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். பாயிண்ட் கார்டான ஸ்டீவ் நாஷ், என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களை எடுக்கும் தேர்வில் 1996-இல் 15-ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார், என்.பி.ஏ.வின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்குக் கிடைத்தது 2005-இல், 31 வயதில். பாயிண்ட் கார்டு மெதுவாகப் பழுக்கிற மரம். 17 வயதில் அவன் அணியைத் தோற்க வைக்கும் இரண்டு மூன்று ஆட்டங்களை முன்கூட்டியே உங்கள் கணக்கில் எழுதி வைத்துவிடுங்கள். கிளப் பொறுப்பாளர்களிடமும் அதைச் சொல்லி வையுங்கள்.

இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. தேர்வாகாத இரண்டாவது பையனிடம், பட்டியல் ஒட்டப்படுவதற்கு முந்தின நாளே, நீங்களே போய்ப் பேசுங்கள். அவனுக்கு ஒரு ஆட்டத்தில் ஏறத்தாழ எத்தனை நிமிடம், எந்த மாதிரி எதிரணி வந்தால் அவனை முதலில் இறக்குவீர்கள், அவனுடைய குறிப்பேட்டில் எந்தச் சொல் அதிகம் இருக்கிறது என்று நோட்டைத் திறந்து காட்டுங்கள். அவன் அதை வாங்கி, எந்த ஆட்டத்தில் எந்தப் பந்து என்று விரலை வைத்துத் தேட ஆரம்பித்தால், நோட்டை அன்று இரவு அவனிடமே விட்டுவிட்டு வாருங்கள்.